ரோனாவின் பெயரில் ஒரு கோப்பை

பீப்பாயின் குழாயைக் கழற்றாமல் கழுவுகிறவர்கள் வைக்கிற பீரை நான் குடிப்பதில்லை. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே, திருகு உட்காருகிற இடத்தில், பழைய சாறு பசையாக ஒட்டியிருக்கும். அடுத்து வைக்கிற பீர் புளித்துப்போவது அங்கிருந்துதான். ஈஸ்ட்டைக் குறை சொல்வார்கள், தண்ணீரைக் குறை சொல்வார்கள். குழாயை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

வீட்டில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், சார்ஜென்ட். கழுவுவதுதான் என் வேலை. முழுசாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறேன், அதனால் நடுவில் நிறுத்த வேண்டாம்.

பெயர் இஷ்பெல் லாரிமர். இதே ஃபார்ஃபரில் பிறந்து, இதே ஊர்ப் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நினியன் என் தம்பி. அம்மா போனபோது அவன் அரைக்கால் சட்டை போடுகிற வயது. நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அவனை வளர்த்தது நான்தான் என்று ஊரில் சொல்வார்கள், நானாக அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. பிறகு அவன் கல்யாணம் செய்துகொண்டு டண்டீக்குப் போனான். ஐல்சா நல்ல பெண். ஆனால் அவனைப் பற்றிச் சில விஷயங்கள் அவளுக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. சொன்னேன். கொஞ்ச நாளில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அவனுடைய அறையை நான் கலைக்காமலே வைத்திருந்தேன்.

பீர் வைக்கிற பழக்கம் அதற்கப்புறம் வந்ததுதான். எங்கள் வீட்டின் பின்னால் கல் சுவர் வைத்த பழைய சலவைக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் அண்டாவையும் பீப்பாயையும் வாங்கிப் போட்டான். அவன் வைப்பது கெட்டி ஏல், எங்கள் நாட்டுப் பழைய பீர் வகை. கறுப்பாக இருக்கும், ஒரு சின்னக் கோப்பை போதும், காது மடல் சூடேறிவிடும். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் முதலில் வடிகிற சாறு தேன் மாதிரி இருக்கும். அதில் கொஞ்சத்தைத் தனிச் சட்டியில் எடுத்துப் பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, மறுபடி பெரிய அண்டாவில் கலக்க வேண்டும். அந்த எரிந்த சர்க்கரை வாசனைதான் அதன் உயிர். அப்புறம் குளிர்ச்சியான மூலையில் மாதக்கணக்கில் சும்மா விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது கைவராது. எங்கள் இருவருக்கும் கைவந்தது.

இருவருக்கும் என்றுதான் சொல்கிறேன். அவன் காய்ச்சுவான், நான் கழுவுவேன். அண்டா, செப்புச் சுருள், ரப்பர் குழாய், திருகுகள், பீப்பாயின் அடித்தட்டு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, வெயில் என்று ஒன்று வந்தால் வெயிலில் கவிழ்ப்பேன். எங்கள் ஊரில் வீட்டில் பீர் வைக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாண்டி கூட்ஸ்தான் தலைவர். வருஷா வருஷம் போட்டி வைப்பார். நினியன் பலமுறை ஜெயித்துக் கோப்பை வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் மேடையில் ஒரே பேச்சு.

"காய்ச்சினது நான், கழுவினது எங்க அக்கா. அவ இல்லேன்னா இது ஏல் இல்ல, காடி. அதனால பாதிக் கோப்பை அவளோடது."

சபையில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் கையை மடியில் மறைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது அதிக ஆசை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

ரோனா பெட்ரி அந்தச் சங்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். கால்நடை வைத்தியரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தவள், விதவை. பீர் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாளாம். சாண்டி அவளை நினியனிடம் அனுப்பினார். சனிக்கிழமை காலையில் வந்துவிடுவாள். முதல் நாளே சாற்றின் கனம் பார்க்கிற கண்ணாடி மிதவையை உடைத்தாள். ஒரு தடவை அதை நான் உடைத்தபோது நினியன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் உடைத்ததற்குச் சிரித்தான்.

அவளும் சிரிப்பாள். எதற்கும் சிரிப்பாள். அலசிக் கவிழ்த்த என் அண்டாவைப் பார்த்துவிட்டு, "நினியன், இது பீர் வைக்கிற எடமா, ஆப்பரேஷன் பண்ற எடமா? மூடிய தொடவே பயமா இருக்கு. நர்சம்மா அடிச்சாலும் அடிப்பாங்க" என்றாள்.

"நர்சம்மா இல்ல, பெரிய டாக்டரு. என்னையவே கை கழுவிட்டுத்தான் உள்ள விடுவா" என்றான் நினியன்.

தமாஷாகத்தான் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அந்த அண்டாவை இன்னொரு முறை கழுவினேன், தேவையில்லாமல்.

போன இலையுதிர் காலத்துப் போட்டியில் அவர்கள் வைத்த ஏல் முதலாவதாக வந்தது. முதல் சாற்றைப் பாதிக்கும் கீழாகச் சுண்டவிட வேண்டும் என்றது ரோனாவின் யோசனை. நல்ல யோசனைதான், ருசி எனக்கும் தெரியும். நினியன் மேடையேறினான். "இது ரோனாவோட மூளை. ரெண்டு பேரும் சேந்து வச்சோம். பேரும் அவ பேரையே வச்சிட்டேன்" என்றான். ஜனங்கள் கை தட்டினார்கள். அவன் இன்னும் ஒரு வாக்கியம் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். இறங்கிப் போய்விட்டான். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம், "உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

காரில் ரோனா முன்சீட்டில் உட்கார்ந்தாள். அதுவரை அது என் இடம். நான் பின்னால், மடியில் கோப்பையோடு. பாதி வழியில் அவள் திரும்பிப் பார்த்து, "கோப்பை பத்திரமா இருக்கா அக்கா?" என்றாள்.

அதற்கு முன்னால் இஷ்பெல் என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்ற சொல்லை உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. பத்திரமாக இருக்கிறது என்று பதில் சொன்னேன்.

புது வருஷத்தன்று இருவரும் அடுக்களைக்கு வந்து நின்றார்கள். மே மாதம் கல்யாணம். கிரிமியூரில் வீடு பார்த்திருக்கிறார்கள், பின்னால் பெரிய கொட்டகையோடு. அண்டா, பீப்பாய் எல்லாம் அங்கே போய்விடும்.

"நீ எப்ப வேணாலும் வரலாம் அக்கா. பஸ்ஸு நேரா போகுது" என்றான் நினியன்.

ரோனா என் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "கையப் பாருங்க அக்கா, சோடாவுல வெந்து கெடக்கு. இனிமே ஒரு சாமான நீங்க தொடக்கூடாது. கழுவுறதெல்லாம் என் பொறுப்பு. நீங்க ஒக்காந்து டீ குடிங்க."

"ஆமாக்கா, போதும். எவ்ளோ காலம்தான் எனக்காக ஒழைப்ப?"

சரி என்றேன். சார்ஜென்ட், இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். கழுவாதே என்றது அவர்கள். சொன்னபடி கேட்டது நான்.

அவள் ஒழுங்காகவே கழுவினாள். குழாயைக் கூடக் கழற்றினாள். அவள் போன பிறகு போய் விரலை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனால் அடுப்பு என்று ஒன்று இருக்கிறது. அண்டாவையும் சட்டியையும் ஏற்றுகிற கேஸ் அடுப்பு. பாகு பொங்கி வழிந்தால் அதன் கண்களை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நீலமாக எரிகிற தீ மஞ்சளாகிவிடும், காற்று கெட்டு விஷமாகும். நினியனுக்கு இது தெரியாது. அடுப்பு தானாகவே சுத்தமாக இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். ரோனா என்னிடம் கேட்கவில்லை. கேட்காத யோசனையைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜனவரியில் கொட்டகையில் குளிர் தாங்கவில்லை என்று அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சுவரின் மேலே புகை போக ஒரு திறப்பு இருந்தது. அதில் நான் கோணிச் சாக்கை மடித்து அடைத்துக் கொடுத்தேன். "நல்ல மனசு அக்கா ஒங்களுக்கு" என்றாள். அங்கே சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியும் மாட்டியிருந்தது, காற்று கெட்டால் கத்துகிற பெட்டி. என் ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இதில் எதுவும் பெரிய காரியமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வீட்டிலும் நடப்பதுதான். சேர்த்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை நல்ல பனி. நினியன் சாண்டியோடு ஐஸ் மேல் கல் தள்ளும் ஆட்டத்துக்குப் போய்விட்டான். அவன் போவான் என்று தெரியும், சாயங்காலம்தான் வருவான் என்றும் தெரியும். ரோனா தனியாகக் கொட்டகையில் கல்யாண ஏல் வைத்துக்கொண்டிருந்தாள். மே மாதம் வருகிற விருந்தாளிகளுக்கு. வடக்குக் காற்று அடித்ததால் கதவைச் சாத்தியிருந்தாள்.

நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். தீ முட்டையின் மஞ்சள் கரு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"தல என்னமோ பாரமா இருக்கு அக்கா. கதவ செத்த நேரம் தெறந்து வைக்கவா?"

"தெறந்தா கொதி எறங்கிடும். சாறு சுண்டுற நேரம் இது."

"அப்ப இந்தத் தலவலி?"

"ஆவிதான். எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, போகப் போகப் பழகிடும்."

"ஒங்களுக்குத் தெரியாததா" என்று டீயை வாங்கிக்கொண்டாள். "கல்யாணத்தன்னிக்கு மொதக் கோப்பை ஒங்களுக்குத்தான் அக்கா. நினியன்கிட்ட சொல்லிட்டேன்."

அதைச் சொன்னதால் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். முதல் கோப்பையைக் கொடுக்கிறவள் அவள், வாங்கிக்கொள்கிறவள் நான். அப்படித்தான் இனி இருக்கும் என்று தெரிந்தது. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். அது கனமான கதவு, சரியாக இழுக்காவிட்டால் திறந்துகொள்ளும்.

அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நினியன் சீக்கிரமே வந்துவிட்டான். ஐஸ் சரியில்லை என்று ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம், பிறகு தெரிந்தது. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தேன். கையில் ரொட்டிக் கடைப் பை. எங்கள் ஊர் பிரைடி வாங்கி வந்திருந்தான், உள்ளே கறி வைத்து மடித்துச் சுடுவார்களே, அது. பையைப் பார்த்தாலே எத்தனை என்று எனக்குத் தெரியும். இரண்டு இருந்தன. வீட்டில் மூன்று பேர்.

ஜன்னலைத் தட்டியிருக்கலாம். பனியில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டிருக்கும். அவன் காலை உதறிக்கொண்டு, அடுக்களைப் பக்கம் பார்க்காமலே, என்னவோ பாட்டை முணுமுணுத்தபடி கொட்டகைக்குள் போனான். காற்று அடித்ததால் கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டான். நான் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டேன்.

அவன் "ரோனா" என்று கூப்பிட்டான். பிறகு இன்னொரு முறை, பெரிதாக, "ரோனா". ஏதோ தகரம் உருண்ட சத்தம். நான் கை துடைக்கிற துணியை எடுத்துக் கையைத் துடைத்தேன், விரல் இடுக்கெல்லாம். அப்புறம்தான், மெல்லிசாக, "அக்கா" என்றான்.

அவன் என்னைக் கூப்பிட்டதும் போனேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை. இதற்கு யார் வேண்டுமானாலும் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம்.

வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், அவன் அக்குளில் கை கொடுத்து, பின்பக்கமாக இழுத்தேன். நினியன் லேசான ஆள் இல்லை. எனக்கும் வயதாகிறது. எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தோள்பட்டை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை, பாருங்கள். ரோனா அடுப்பின் பக்கத்தில் கிடந்தாள். அவளுடைய விரல்கள் அசைந்தன. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அவனைவிட லேசு.

அவனைப் பனியில் கிடத்திவிட்டு, திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். பிறகு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கேட்டதும் சொன்னேன்.

ஒரே ஒரு பொய்தான் சொன்னேன், அதுவும் உங்களிடம். தம்பி வெளியே பனியில் கிடந்தான், அப்படியேதான் பார்த்தேன் என்றேன். இழுத்தது நான் என்றால், அவளை ஏன் இழுக்கவில்லை, கதவை ஏன் சாத்தினாய் என்று கேட்பீர்களே. நீங்கள் என் தோளில் கை வைத்து, "தம்பியாவது பொழச்சாரேம்மா" என்றீர்கள். விசாரணையில் விபத்து என்று முடிந்தது. பேட்டரி இல்லாததையும் சாக்கு அடைத்திருந்ததையும் பார்த்தார்கள். குளிருக்கு அவளே அடைத்திருப்பாள் என்றார்கள். "இஷ்பெல் கையில இருந்தவரைக்கும் அங்க ஒரு தூசி இருந்ததில்ல" என்று சாண்டி சாட்சி சொன்னார். அவர் சொன்னது உண்மைதான்.

நினியன் ரொம்ப நாள் டண்டீ ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். கை நடுங்குகிறது, டீயை நான்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். சட்டைப் பொத்தான் நான்தான் போடுகிறேன். பேச்சு கொஞ்சம் இழுக்கும், நேற்றைய விஷயம் இன்றைக்கு மறந்துபோகும். கிரிமியூர் வீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. அடுக்களையில் நாங்கள் இருவர் மட்டும், பழையபடி. நான் பாடிக்கொண்டு வேலை செய்தேன் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள்.

அப்புறம்தான் அவனுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

"யாரோ அக்குள்ல கை குடுத்து இழுத்தாங்க அக்கா. நல்லா தெரியுது. ரோனாதான். என்னைய வெளிய போட்டுட்டு, கேஸ நிறுத்த மறுபடி உள்ள போயிருக்கா."

டாக்டரிடம் சொன்னான். சாண்டியிடம் சொன்னான். பார்க்க வந்த எல்லாரிடமும் சொன்னான். மற்றதெல்லாம் மறந்துபோகிறது, இது மட்டும் மறப்பதில்லை. தேவாலயத்தில் அதைப் பற்றிப் பேசினார்கள். கடையில் ரொட்டி வாங்கப் போனால், "எப்பேர்ப்பட்ட பொண்ணு" என்று என்னிடமே கண்ணைத் துடைக்கிறார்கள். உயிரோடு இருந்தவரை அவள் சனிக்கிழமையில்தான் வந்தாள், சார்ஜென்ட். இப்போது எல்லா நாளும் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் அவனுக்குக் கஞ்சி கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஒருவேள வேற யாராவது இழுத்திருக்கலாம்ல?"

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை, பாவம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "வேற யாரு அக்கா? உசிரக் குடுத்து என்னைய இழுக்குற அளவுக்கு என்மேல யாருக்குப் பாசம் இருக்கு?"

நான் கரண்டியை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தபடியே இருந்தேன்.

இன்று காலை சாண்டி வந்தார். சங்கத்தில் புதுக் கோப்பை செய்திருக்கிறார்கள், வெள்ளி மாதிரி இருக்கிறது. ரோனா பெட்ரி நினைவுக் கோப்பை. இந்த வருஷத்திலிருந்து கெட்டி ஏலில் ஜெயிக்கிறவர்களுக்கு அதுதான். இன்று சாயங்காலம் நினியன் தன் கையால் மேடையில் திறந்து வைக்கிறான், அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசப் போகிறான். "நீங்க தொட்டாத்தான் இஷ்பெல் பளபளன்னு ஆகும். கொஞ்சம் தொடச்சுக் குடுங்களேன்" என்றார் சாண்டி. துடைத்துக் கொடுத்தேன். எழுத்தின் பள்ளத்தில் மெருகுப்பொடி தங்கும், அதையும் குச்சி வைத்து எடுத்தேன். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

அடுப்பைப் பற்றி நான் சொன்னதை எழுதுங்கள். சாக்கு, பேட்டரி, டீ கொண்டுபோனது, கதவு, எல்லாம் எழுதுங்கள். சாகட்டும் என்றுதான் செய்தேன், வேறு அர்த்தம் இல்லை. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இழுத்தது இஷ்பெல் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். அக்குளில் கை கொடுத்து, வாசல் தாண்டி, பனி வரைக்கும். அதை மட்டும் இன்றைக்கே, மேடையேறுவதற்கு முன்னால், யாராவது போய் நினியனிடம் படித்துக் காட்ட வேண்டும்.

இல்லை, கோட்டைக் கழற்றவில்லை, வேண்டாம். யார் கை என்று தெரிந்ததும் அவன் என்னைக் கூட்டிப்போக வந்துவிடுவான்.